வாயுதான் என்று சொன்னேன்

ஜனவரி 19, திங்கள்

புதிதாக வந்திருக்கும் டாக்டர் நித்திலா எனக்கு இன்று வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். நான் தினமும் சாப்பிடுவதையெல்லாம் எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரிடம் காட்ட வேண்டுமாம். அவருக்கு வயது இருபத்தொன்பது. நான் இந்தப் புன்னைத்துறைக்குக் கிராம சுகாதார செவிலியராக வந்து சேர்ந்த வருஷம் அவர் சிலேட்டில் 'அ' எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

எழுதுகிறேன். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

என் பெயர் தெக்ளா. வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் டீயில் ஒரு துளி சீனி போட்டதில்லை. என் மகள் கல்யாணத்தில் எல்லோர் இலையிலும் கேசரி விழுந்தது, என் இலையில் விழவில்லை. சர்க்கரை நோயாளி எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்குக் காட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இன்று மாதக் கூட்டம் முடிந்ததும் டாக்டர் என்னைப் பிடித்து உட்காரவைத்து, கேட்காமலேயே கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிவிட்டார். 168/102 வந்தது. படியேறி வந்ததால் இருக்கும் என்றேன். ஐந்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். அதே கணக்கு.

"சிஸ்டர், நீங்க இனிப்பை மட்டும்தான் விட்டிருக்கீங்க. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு உப்பும் அதே அளவு எதிரி. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். அதுக்கு மேல போனா பிரஷர் ஏறும், இதயம் தாங்காது."

"டாக்டர், நான் கடக்கரைல பொறந்தவ. மூச்சு விட்டாலே உப்புதான் உள்ள போகும்."

அவர் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சரி, இன்றைய கணக்கு. காலை: நான்கு இட்லி, மிளகாய்ப்பொடி. மதியம்: சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, சுட்ட அப்பளம் இரண்டு, மாங்காய் ஊறுகாய். மாலை: சீனியில்லாத டீ, ஒரு கை காராச்சேவு. இரவு: கஞ்சி, வறுத்த சாளைக் கருவாடு ஒரு துண்டு. சீனி: பூஜ்யம். இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று அவரே சொல்லட்டும்.


ஜனவரி 20

நேற்றுப் போலவே. மாத்திரை மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.


ஜனவரி 22, வியாழன்

முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். என் பகுதியில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பிப்ரவரி முடிவதற்குள் முடிக்க வேண்டும்.

இன்று கருவாட்டுக் களத்துக்குப் போனேன். அங்கே பெண்கள் கடற்கரை மணலில் வலையை விரித்து மீனைக் காயப்போடுவார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி மரியபாக்கியம் அக்கா. வயது அறுபத்தொன்று. கணவர் கடலோடு போய் இருபது வருஷமாகிறது. அந்தக் களத்தை வைத்தே மகன் பிரிட்டோவை வளர்த்து, விசைப்படகு ஓட்டுகிற அளவுக்கு ஆளாக்கிவிட்டார். சர்க்கரை ஒன்பது வருஷமாக. பிரஷரும் உண்டு.

எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன். கருவாட்டைக் குறைக்க வேண்டும், ஊறுகாயை விட வேண்டும், பழங்கஞ்சியில் உப்பை அள்ளிப் போடக் கூடாது.

மரியபாக்கியம் அக்கா தொட்டியில் உப்பும் மீனுமாக அடுக்கிக்கொண்டே கேட்டார். "ஏட்டி தெக்ளா, நீ கருவாடு திங்கியா?"

"என் கத வேற."

"என்னட்டி வேற? ஒனக்கும் சக்கர, எனக்கும் சக்கர. போன வாரம் எங்கிட்டதான ரெண்டு கிலோ நெத்திலி வாங்குன?"

களத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவின் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

"நாள் முழுக்க நிக்க காலு வீங்காம என்ன செய்யும்?" என்றார். அதுவும் நியாயம்தான்.


ஜனவரி 25, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தால் ஊறுகாய் ஜாடியைக் காணோம். என் வீட்டுக்காரர் சந்தியாகு ஒளித்துவைத்திருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். டாக்டர் எழுதிய சீட்டை என் கைப்பையிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறார்.

"ஜாடி எங்கங்க?"

"தெரியல."

"வீட்டுல நாம ரெண்டு பேருதான் இருக்கோம்."

"அப்ப நீதான் எங்கயாவது வச்சிருப்ப."

அரிசி டிரம்முக்குள் இருந்து எடுத்தேன். மதியம் அவர் முன்னாலேயே இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம்.


ஜனவரி 29

இந்தக் காலத்தில் செருப்புச் செய்கிறவர்கள் அளவைச் சுருக்கிவிட்டார்கள். ஏழாம் நம்பர்தான் எப்போதும் வாங்குவேன். மாலையானால் வாரை இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருக்கிறது.

மேலத்தெருவில் முப்பத்தாறு பேரை முடித்தேன். நாலு வீட்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறேன். உட்கார்ந்து பேசினால்தான் சனங்கள் உண்மையைச் சொல்வார்கள்.

ஊழியர்களின் பெயரும் பதிவேட்டில் வர வேண்டுமாம். என் பெயருக்கு நேரே 130/80 என்று எழுதினேன்.


பிப்ரவரி 3, செவ்வாய்

டாக்டரிடம் சாப்பாட்டுக் கணக்கை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நோட்டு என்னுடையது. அதை யாருக்கும் காட்ட மாட்டேன்.

அவர் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். ஊறுகாய், அப்பளம், கருவாடு, காராச்சேவு, மிளகாய்ப்பொடி, மோர்மிளகாய். கடைசியில் அந்தத் தாள் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது.

"மாத்திரை போடுறீங்களா?"

"போடுதேன்."

"மூச்சு வாங்குதா? நெஞ்சு வலி?"

"வலியா? எனக்கா? ஒரு நாளைக்கி எட்டு கிலோமீட்டர் நடக்கேன் டாக்டர்."

அவர் பேனாவை மூடினார். "சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததில்ல. வருஷக்கணக்கா சர்க்கரை இருந்தா நரம்பு மரத்துப்போகும். கால்ல முள்ளு குத்துனா தெரியாத மாதிரி, இதயத்துல அடைப்பு வந்தாலும் வலி தெரியாமப் போகலாம். வெறும் வியர்வை, மூச்சுத்திணறல், ஒரு அசதி. அவ்வளவுதான் இருக்கும். வலி இல்லங்கறத நம்பாதீங்க."

இதையே நான் எத்தனை பயிற்சியில் கேட்டிருக்கிறேன். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் பாடத்தை எனக்கே திருப்பிச் சொன்னால் கோபம் வராதா? வேலை கிடக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். வழியில் நூறு கிராம் காராச்சேவு வாங்கினேன். அது கணக்கில் சேராது.


பிப்ரவரி 6

மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க வசதியாக இருக்கிறது. வாரப் பத்திரிகை படிக்கத் தோது.


பிப்ரவரி 10, செவ்வாய்

காலை பத்தரை மணிக்குக் களத்துப் பக்கம் போனேன். மரியபாக்கியம் அக்கா கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. கடல்காற்று நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது.

"என்னக்கா செய்யுது?"

"ஒண்ணும் இல்லட்டி. ஒரு மாதிரி அடைக்கி. கை அசந்து வருது."

"நெஞ்சு வலிக்கா?"

"வலியெல்லாம் இல்ல. காலைல பழங்கஞ்சி குடிச்சேன், அது செரிக்கல போல."

வாயுதான் என்றேன். பக்கத்துப் பெட்டிக்கடையில் எலுமிச்சையும் உப்பும் போட்டு ஒரு சோடா வாங்கி வரச்சொல்லி, நானே பிடித்துக் குடிக்கவைத்தேன். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. "பாத்தியா, எறங்கிட்டு," என்று அக்கா சிரித்தார். எனக்கும் போன கார்த்திகையில் ஒருநாள் இப்படித்தான் வந்தது. வியர்த்துக் கொட்டி, கண் இருட்டி, ஒரு மணி நேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். உப்புச் சோடாதான் குடித்தேன். சரியாகிவிட்டது. அதனால் எனக்குத் தெரியும்.

பிரஷர் பார்க்கவில்லை. மெஷினில் பேட்டரி குறைந்திருந்தது.

பதினொரு மணிக்குக் கிளம்பினேன். கீழத்தெருவில் இருபத்திரண்டு பேர்.


பிப்ரவரி 11

மரியபாக்கியம் அக்காவுக்கு மாரடைப்பு. நேற்று மாலை ஐந்து மணிக்குக் களத்திலேயே சாய்ந்திருக்கிறார். பிரிட்டோ ஆம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். காலையிலேயே ஆரம்பித்திருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். உயிர் இருக்கிறது.

பத்தரையிலிருந்து ஐந்து வரை. ஆறரை மணி நேரம்.


பிப்ரவரி 12, வியாழன்

நேற்றும் இன்றும் சாப்பாட்டுக் கணக்கு எழுதவில்லை. எழுத வேண்டியது வேறு இருக்கிறது.

பேட்டரி புதியது. திங்கட்கிழமைதான் மாற்றினேன். மெஷின் பையில் இருந்தது, பை என் தோளில் இருந்தது. எடுத்துச் சுற்ற இரண்டு நிமிஷம் ஆகும். நான் எடுக்கவில்லை.

அறுபத்தொரு வயதுப் பெண், ஒன்பது வருஷச் சர்க்கரை, வீங்கிய கால், வலியில்லாத வியர்வை. பயிற்சிக்கு வரும் முதல் வருஷப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லிவிடும். எனக்கும் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்த அந்த நொடியிலேயே தெரிந்தது. ஆனால் அவருக்கு வந்தது வாயு இல்லையென்றால், கார்த்திகையில் எனக்கு வந்ததும் வாயு இல்லை. அதனால் அது வாயுவாக இருந்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். என் பயத்துக்கு அந்தக் கிழவியை விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

இதை எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.


பிப்ரவரி 13, வெள்ளி

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சோடா, பேட்டரி, இழுப்பறையில் மாத்திரை, பதிவேட்டில் 130/80. சொல்லி முடித்ததும், "படுங்க, ஈசிஜி எடுக்கலாம்," என்றார்.

தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இருபத்துநாலு வருஷத்தில் அந்தக் கோடுகளைக் கொஞ்சமாவது படிக்கத் தெரியாமலா இருக்கும்?

"கார்த்திகையில வந்தது வாயு இல்ல சிஸ்டர்."

"தெரியும்."

"ஒரு பக்கம் பழைய காயம் இருக்கு. அப்புறம் கால் வீக்கம், மூணு தலையணை. இதயம் தண்ணியை வெளிய தள்ள முடியாமத் திணறுது. நீங்க சேர்க்கிற உப்பு அந்தத் தண்ணியைப் பிடிச்சு வைக்குது. நாளைக்கே எக்கோ எடுக்கணும்."

"எடுத்துக்கிடுதேன். ஆனா வேலைய விட்டு நிக்கச் சொல்லாதீங்க."

"நிக்கச் சொல்லல. இனிமே பொய் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்."

பதிவேட்டில் என் வரியை அடித்து, இன்று பார்த்த 172/100-ஐ எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். முதல் மாத்திரையை அவர் முன்னாலேயே விழுங்கினேன்.


பிப்ரவரி 15, ஞாயிறு

எக்கோவில் பார்த்தால் என் இதயத்தின் ஒரு பகுதி சரியாக அடிக்காமல் சோம்பலாகக் கிடக்கிறதாம். மாத்திரை ஐந்தாகிவிட்டது. சிறுநீர் பிரிய ஒன்று, பிரஷருக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, மற்றவை பழையவை. இரண்டு நாளில் செருப்பு வார் பழைய ஓட்டைக்கு வந்துவிட்டது. செருப்புக்காரர்களைத் திட்டியது வீண்.

சந்தியாகு சந்தைக்குப் போய் 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். முகத்தில் அவ்வளவு பெருமை. டாக்டருக்குப் போன் போட்டேன். அதில் பொட்டாசியம் இருக்கும், சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று பார்க்காமல் தொடக் கூடாது, அதிலும் இந்த மாத்திரைகளோடு கூடவே கூடாது என்றார். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

மதியம் பருப்பு, முருங்கைக்கீரை, சோறு. எதிலும் உப்பு இல்லை. வாயில் வைத்ததும் எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. எதிரே அவரும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு என்னத்துக்கு இந்தத் தண்டன? ஒங்களுக்குத் தனியா உப்பு போட்டுக்கிடுங்க."

"வேண்டாம்."

"நல்லாவா இருக்கு?"

"கேவலமா இருக்கு," என்று சொல்லி மறுசோறு வாங்கினார்.

நாக்கு இது. ஐம்பத்து மூன்று வருஷமாக நான் அதற்குச் சேவகம் செய்தேன். இனி அது எனக்குச் செய்யட்டும்.


பிப்ரவரி 17, செவ்வாய்

மாலையில் பிரிட்டோ வந்தான். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. எதற்கு வந்திருப்பான் என்று நினைத்து நெஞ்சைத் தயார் செய்துகொண்டு கதவைத் திறந்தேன். அவன் வாசலிலேயே நின்று கும்பிட்டான்.

"அம்மா பொழச்சுக்கிட்டா சித்தி. ஆனா நெஞ்சு பாதிதான் வேல செய்யுமாம். நீங்க அன்னைக்கிக் காலைலயே வந்து சோடா வாங்கிக் குடுத்து, கூடவே நின்னு பாத்துக்கிட்டீங்களாம். களத்துல எல்லாரும் சொன்னாவ. அதான் ஒங்களப் பாத்துட்டுப் போவலாம்னு."

ஆரஞ்சுப் பையை வாங்கிக்கொண்டு, 'நல்லா இருப்பா' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சந்தியாகு உள்ளே இருந்து என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும்.

"உக்காரு பிரிட்டோ," என்றேன். "நான் சொல்லுதத முழுசாக் கேளு. ஒங்கம்மாவுக்கு அன்னைக்கிக் காலைலயே அட்டாக் வந்துட்டு. நான் பாத்ததும் ஆம்புலன்சக் கூப்புட்டிருக்கணும். கூப்புடல. வாயுன்னு சொல்லிச் சோடாவக் குடுத்துட்டுப் போயிட்டேன். பிரஷர்கூடப் பாக்கல. அப்பவே கொண்டு போயிருந்தா முழு நெஞ்சும் தப்பிச்சிருக்கும்."

அவன் ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "தெரியாமச் செஞ்சீங்களா?"

"தெரிஞ்சுதான். என்னால ஒத்துக்கிட முடியல. எனக்கும் அதே சீக்கு இருக்கு."

எழுந்தான். அடிக்கக் கை ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆரஞ்சுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.


பிப்ரவரி 19, வியாழன்

ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மேலத்தெருவில் ஒன்பது வீடு கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் மட்டும் கேட்கிறது.

எங்கள் மேற்பார்வையாளர் அல்போன்சா வந்தார். என்னோடு பயிற்சியில் படித்தவர், நல்ல மனசு. "ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? நோவே இல்லன்னு அந்தம்மாதான சொல்லியிருக்கா? அத அப்படியே எழுதிக் குடுத்தா வெவகாரம் முடிஞ்சு போகும். இன்னும் ஏழு வருசம் சர்வீஸ் கெடக்கு."

"அந்தம்மா நோவில்லன்னுதான் சொன்னா. நோவில்லாம வரும்னு படிச்சது யாரு? நான்தான?"

"தெக்ளா, நீ சொல்லலன்னா யாருக்கும் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரியும்லா."

நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். விளக்கம் கேட்டு மெமோ வரும். என் பகுதியைப் பக்கத்து ஊர் செவிலியர் சுதாவிடம் ஒரு மாதத்துக்குக் கொடுக்கிறார்கள். வரட்டும். நானூற்றுப் பன்னிரண்டில் இன்னும் எழுபது பேர் பாக்கி என்பதுதான் உறுத்துகிறது.


பிப்ரவரி 21, சனி

வீட்டில் உட்கார முடியவில்லை. கருவாட்டுக் களத்துக்குப் போனேன். போகாதே என்று சந்தியாகு சொன்னார். பிறகு அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

பதினைந்து பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை. மரியபாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்த பெட்டி அங்கேயேதான் கிடந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"நீங்க எங்கிட்டப் பேசாண்டாம். நான் சொல்லுதத மட்டும் கேளுங்க. இங்ஙன சக்கர உள்ளவிய ஆறு பேரு. எனக்குப் பேரு தெரியும். ஒங்களுக்கு நெஞ்சு வலிக்கவே வலிக்காது. சும்மா வேர்க்கும். மூச்சு முட்டும். கை அசரும். வயிறு உப்புன மாதிரி இருக்கும். அப்ப சோடா குடிக்காதிய, இஞ்சி திங்காதிய, படுத்தாச் சரியாப் போகும்னு படுக்காதிய. நூத்தியெட்டுக்குப் போனப் போடுங்க. நானே எதுக்க வந்து வாயுதான்னு சொன்னாலும் நம்பாதிய. என்னைத் தள்ளி விட்டுட்டுப் போங்க."

யாரோ ஒருத்தி முனகினாள். "இப்ப வந்து சொல்லுதா பாரு."

"இப்பதான் சொல்லுதேன். இப்பவாவது கேளுங்க. இந்தத் தொட்டில கெடக்க உப்ப நாம விக்கதுக்குத்தான் போடுதோம். நம்ம சட்டிலயும் அதே அளவுக்குக் கெடக்கு. நானும் தின்னேன். என் நெஞ்சுல காயம் விழுந்தது எனக்கே தெரியாது."

இதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன். திரும்பி நடந்து கொஞ்ச தூரம் வந்ததும், அங்கே இருந்தவர்களில் இளையவளான ஜெசிந்தா பின்னால் ஓடி வந்தாள். அவள் மாமியாருக்கு இரண்டு நாளாக அசதியாம், படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம், வலி இல்லையாம். சந்தியாகு போய் ஆட்டோ கூப்பிட்டு வந்தார். நேராக டாக்டர் நித்திலாவிடம் கொண்டுபோனோம். அங்கிருந்து உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அடைப்பு இருக்கிறது, ஆனால் இன்னும் ஒன்றும் கெடவில்லை, சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று சொன்னார்களாம்.

மரியபாக்கியம் அக்காவுக்குச் செய்ததை இது ஈடுகட்டாது. எனக்குத் தெரியும்.


பிப்ரவரி 24

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்கப் போனேன். பிரிட்டோவின் மனைவி லில்லி வாசலிலேயே நின்று, "அத்த தூங்குதாவ," என்றாள். உள்ளே இருந்து அக்காவின் இருமல் சத்தம் கேட்டது.


பிப்ரவரி 26

இன்றும் தூங்குதாவ.


பிப்ரவரி 27

இன்றும். நான் விடுவதாக இல்லை.


பிப்ரவரி 28, சனி

காலையில் சுதா போன் செய்தாள். "அக்கா, அந்தப் பாட்டி என்னைக் கிட்டவே வர விட மாட்டேங்குது. பிரஷர் மெஷினைத் தூக்கி எறியப் பாத்துச்சு. அந்தத் தெக்ளாவ வரச்சொல்லு, இல்லன்னா எவளும் வராதீங்கன்னு ஒரே சத்தம்."

போனேன். லில்லி இன்று வழி விட்டாள். பிரிட்டோ வலையைப் பின்னிக்கொண்டு மூலையில் இருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்துவிட்டார். முன்னால் ஒரு கிண்ணத்தில் கஞ்சி. தொட்டது மாதிரியே தெரியவில்லை.

"அக்கா, நான் செஞ்சது..."

"எல்லாம் பிரிட்டோ சொல்லிட்டான். மன்னிப்புக் கேக்க வந்தியோ? அதெல்லாம் சாமியார்ட்ட போய்க் கேளு. நான் தர மாட்டேன்."

"சரி."

"மூணு நாளு வாசல்ல வந்து நின்ன பாரு, அதுக்குத்தான் கூப்புட்டேன். இன்னா இருக்கு பாரு கஞ்சி. உப்பில்ல, ஊறுகாயில்ல. அஞ்சு நாளா இதத்தான் குடுக்கா. தொண்டைல எறங்க மாட்டேங்கு. என்னை இந்தக் கட்டில்ல போட்டது நீ. இப்ப எனக்கு சோறு எறங்க வழி சொல்லு. சொல்லாம இந்தப் படிய நீ தாண்டக் கூடாது."

லில்லியிடம் மீன் இருக்கிறதா என்று கேட்டேன். பிரிட்டோ வலையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். காலையில் பிடித்த சாளை ஒரு கூறோடு சற்று நேரத்தில் திரும்பினான். செதில் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. நானே ஆய்ந்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் எல்லாம் வறுத்து அம்மியில் அரைத்தேன். புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, தக்காளியைக் குழைய வதக்கி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டேன். மீன் வெந்ததும் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து இறக்கினேன். உப்பு ஜாடி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. லில்லி அதையும் என் கையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு தட்டில் சோறு போட்டு வந்து, ஒன்றை அக்காவிடம் கொடுத்து, இன்னொன்றோடு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். நான் முதல் கவளத்தை எடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். நான் முகத்தைச் சுளிக்கவில்லை. பிறகு அவரும் ஒரு விள்ளல் மீனை எடுத்துச் சோற்றோடு சேர்த்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் மென்றார்.

"உப்பில்ல," என்றார்.

"ஆமா."

இன்னும் ஒரு வாய் எடுத்தார். "ஆனா மீனு இருக்கு."

தட்டில் பாதி காலியானது. மூலையில் பிரிட்டோ வலையைத் திரும்ப எடுத்துப் பின்ன ஆரம்பித்தான். நான் பையிலிருந்து மெஷினை எடுத்து அவர் கையில் பட்டையைச் சுற்றினேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. 138/84. சத்தமாகச் சொன்னேன்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒன்னைய மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத."

"நெனைக்கல."

"நாளைக்கி வெள மீனு கெடைக்குமான்னு பிரிட்டோட்டக் கேளு. பன்னெண்டு மணிக்கெல்லாம் வந்துரணும். பிந்துனா லில்லி கஞ்சிய ஊத்திருவா."